தோளில் தங்காத உத்தரீயம்

நலம் பெருகுக. மழை பிழையா வெண்குன்றநாட்டு அரியணை காக்கும் எழில்மங்கை நாச்சியார் திருவாய் மலர்ந்தருளியபடி, முதலமைச்சர் கூடலரையர் தென்துறைக் காவலர் ஆச்சன் நெடுவேலிக்கு விடுக்கும் ஓலை. உமது துறையும் கலங்களும் நற்காற்றால் வாழ்க.

நம் அரசியாரின் தங்கை காவிநங்கையை மணந்து கருங்கோட்டை நாட்டில் வாழும் சேந்தன் பூவணன், அந்நாட்டின் முதலமைச்சராக உயர்த்தப்பட்டார். அவருக்கு வாழ்த்தோலையும் பரிசிலும் எப்போது புறப்படும் என்று வினவியிருந்தீர். அவர் உயர்ந்த வகையைக் கேட்டபின் அவ்வினா தானே அடங்கும்.

அந்நாட்டு அவையில் ஒரு வழக்கம் உண்டு. மன்னர் சொல்லுக்கு உடன்படுவோர் தோளிலுள்ள உத்தரீயத்தை எடுத்து இடுப்பில் கட்டுவர். மறுப்போர் தோளிலேயே விட்டுவைப்பர். மறுப்பைக் கேட்பதற்கென்றே முன்னோர் வகுத்த வழக்கம் அது. இப்போதைய மன்னர் வல்லபர் முடிசூடியபின், தோளில் துணியோடு அவை நீங்கியவர் எவரும் வீடு சேர்ந்ததில்லை. அந்நாளில் மன்னருக்கு வெற்றிலைப் பேழை ஏந்தி நின்ற சேந்தன், மன்னர் சொல்லி முடிக்குமுன்னரே துணியை இடுப்பில் முடிந்துவிடுவார். அக்கைவிரைவு மன்னர் கண்ணில் பட்டது. பண்டாரத் தலைவர் சிறை புகுந்தார். அவர் இருக்கை சேந்தனுக்கு வந்தது. படைத்தலைவரின் தலை வீழ்ந்தது. அவர் வாளும் சேந்தன் இடைக்கே வந்தது. மடைப்பள்ளிப் பெண்டிர் அவரை இடுப்புத்துண்டார் என அழைத்து, அவருக்குத் தோள் என ஒன்று உண்டோ என்று நகைத்தனராம். அது செவிப்பட்டபோது அவர் சினக்கவில்லை. தோள் வைத்திருந்தவர்கள் இப்போது தலை வைத்திருக்கிறார்களா என்று கேட்டு, வெற்றிலை மென்றபடி அப்பால் நடந்தாராம்.

துக்க வீட்டில் உலை ஏற்றலாகாது; அயலார் சோறு கொடுப்பதே முறை. படைத்தலைவரின் வாசலைத் தவிர்த்து ஊரே சுற்றிப்போன நாளில், காவிநங்கை அவ்வீட்டுக்குச் சோறு சுமந்து சென்றாள். அஃதொன்றே குற்றம். மன்னர் அவையைக் கூட்டி, இவளை உப்புத்தீவில் தனியே விட்டுவிடலாமா என்று சேந்தனை நோக்கியே கேட்டார்.

அங்கிருந்த நம் தூதர் கண்டதை உரைக்கிறோம். சேந்தனின் கை முதன்முறையாக எழவில்லை. மணநாளில் காவிநங்கை தன் கையால் அவர் தோளில் இட்ட துணி அது. ஓர் இமைப்பொழுது அவர் மனிதராக நின்றார். பின்னர் எடுத்துக் கட்டினார். கட்டியதோடு அமையாமல், தாமதித்த பிழையைப் பொறுத்தருளுமாறு மன்னரடி வீழ்ந்து விண்ணப்பித்தார். மறுநாள் அமைச்சு மோதிரம் அவர் விரலேறியது. காவிநங்கையோ, காவலர் கொண்டுசெல்லும்போது, அவருக்கு நெஞ்சுச்சளி உண்டு, மாலையில் சுக்குநீர் வைக்க மறவாதீர் என்று ஏவலரிடம் சொல்லிச் சென்றாளாம்.

ஆதலின், ஓலை கண்டவுடன் உப்புத்தீவுக்குக் கலம் செலுத்தி, காவிநங்கையை உயிரோடு கொணர்க. அது தம் எல்லையென்று கருங்கோட்டையார் தடுப்பராயின், வெண்குன்றம் போருக்கும் ஒருப்பட்டது என்று உரைக்க. வாழ்த்தோலை இல்லை, பரிசிலும் இல்லை. மணநாளில் நம் அரண்மனையிலிருந்து சென்ற அவ்வுத்தரீயத்தை மட்டும் மீட்டுவர ஓர் ஆளை விடுக்க. அது சேந்தனின் தோளில் கிடப்பின் வாங்கி வருக. இடுப்பில் இருப்பின் அங்கேயே விட்டு வருக; அதனை அவிழ்க்க அவர் கற்றிலர்.

அரசியார் திருமுன் குன்றும் நாரையும் பொறித்த முத்திரை இடப்பட்டது. இது கட்டளை.