ஸ்கொட்லாந்துக்குப் போகும் வழியில் சம்பந்தி

சங்கவியின் அப்பாவுக்கு,

எனக்கு இன்று பகல் வேலை. மருமகன் டங்கனின் தகப்பன் மெல்பேர்னிலிருந்து வந்து, மதியம் எங்கள் எசன் ஸ்டேசனில் இறங்குவார். நீங்களே போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள். அடுப்பில் உறைப்பில்லாத பருப்புக்கறி இருக்கிறது. சோறு மட்டும் போட்டால் போதும்.

"ஊரை விட்டுக் கலைபட்டு வந்த சனத்தின்ரை நோவு வெள்ளைக்காரருக்கு என்ன விளங்கும்?" என்று நேற்றுக் கத்திவிட்டு எழும்பிப் போனீர்கள். மகள் சொன்ன மிச்சத்தைக் கேட்கவில்லை. செம்மறி வளர்க்க நிலம் வேண்டுமென்று, ஸ்கொட்லாந்தில் சம்பந்தியின் முன்னோரை நிலச்சொந்தக்காரன் வீட்டைவிட்டு எழுப்பினானாம். அவுஸ்திரேலியாவுக்குப் போன கப்பலிலேயே அவர்களின் கைக்குழந்தை இறந்துவிட்டது. கப்பல் பதிவில் "பெண் குழந்தை" என்று மட்டும்தான் இருக்கிறது. அந்தப் பிள்ளையின் பெயரை அந்தப் பழைய ஊர்த் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவில் தேடத்தான் இந்த வயதில் போகிறார்.

இடம்பெயர்ந்த வழியில் இறந்த உங்கள் தங்கையைப் பற்றி நான் அவருக்குச் சொல்லவில்லை. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மலர்

பி.கு: இப்போதுதான் சங்கவி போன் எடுத்தாள். "அம்மா, அப்பாவும் தன்னோட ஸ்கொட்லாந்துக்கு வருவாரோ எண்டு மாமா கேக்கிறார். தனியப் போகப் பயமாம்" என்றாள். உங்கள் பெட்டியை நான் அடுக்கவில்லை. அலுமாரிக்கு மேலிருந்து இறக்கி மட்டும் வைத்திருக்கிறேன்.