மலைக்கிழங்கு என்று நான் சொன்ன பொய்

இதை யாரிடமும் காட்டாதே. நீ இப்போது இருக்கும் இடத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. காலமான எங்கள் தாத்தாகூட அங்கேதான் இருப்பார். அவர் கண்ணில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்.

சாமான் அறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு சிம்னி விளக்கு வெளிச்சத்தில் எழுதுகிறேன். சீயக்காய் போட்டுத் தேய்த்தும் விரலில் அந்த வாசனை போகவில்லை. இன்று மாலை உன் மாமா பள்ளிக்கூட வாசலில் காத்திருந்து ஒரு துணிப்பையைக் கொடுத்தார். ஊட்டியில் அவர் வேலை செய்யும் துரை வீட்டுத் தோட்டத்தில் விளைந்ததாம். ஐப்பசியில் நீ காய்ச்சலில் படுத்திருந்தபோது, அடுத்த தடவை எனக்கும் கொண்டுவரச் சொன்னாயாம். உள்ளே யானைப் பூண்டு. ஒவ்வொரு பல்லும் என் கட்டைவிரலைவிடப் பெரிது. அழுகை வரும் என்றுதான் நினைத்தேன். ஆனால் உன் முகம் ஞாபகம் வந்து தெருவிலேயே சிரித்துவிட்டேன்.

போன மாசியில் பள்ளிக்கூடத்திலிருந்து மகாபலிபுரம் போனோமே. டீச்சர் எல்லோரையும் ரதங்களுக்கு முன்னால் வரிசையாக நிற்கவைத்துக்கொண்டிருந்தார். நீ என் கையைப் பிடித்துச் சவுக்குத் தோப்புக்குள் இழுத்துப் போனாய். அங்கே ஓர் அம்மாள் உதிர்ந்த சவுக்கு மிலாற்றுச் சுள்ளிகளை மூட்டிக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். அவளிடம் கேட்டுக்கொண்டு, பாவாடை முடிச்சிலிருந்து நாலு பல்லை எடுத்துத் தோலோடு தணலில் புதைத்தாய்.

தோல் கருகியதும் குச்சியால் தள்ளி எடுத்து, ஊதி ஊதி, நுனியைக் கிள்ளிப் பிதுக்கினாய். வெண்ணெய் மாதிரி வெளியே வந்தது. மேலே உப்பைப் பொடித்துத் தூவினாய். சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் போலத் தித்திப்பு. நாக்கின் ஓரத்தில் மட்டும் லேசாக ஒரு காரம். மூன்று தின்ற பிறகுதான் அது என்ன என்று கேட்டேன்.

“பூண்டுடி. இன்னா, பூதத்தைப் பாத்த மாதிரி முழிக்கிற?” என்றாய்.

எங்கள் வீட்டு வாசற்படியைப் பூண்டு தாண்டியதில்லை. நான் அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அலைக்கு ஓடிப்போய்க் கடல் தண்ணீரை அள்ளி அள்ளிக் கொப்பளித்தேன். நீ மணலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

“அந்தத் தண்ணியில அவ்ளோ மீனு கீது. அது மட்டும் சைவமா?”

நானும் சிரித்தேன். மிச்சமிருந்த நாலாவது பல்லையும் தின்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குத் தெரியாமல் ஒரு முழுப் பூண்டை என் பையில் போட்டுவிட்டாய், ராட்சசி. மறுநாள் காலையில் அம்மா அதை எடுத்து வைத்துக்கொண்டு இது என்ன என்று கேட்டாள். மலைக்கிழங்கு, டீச்சர் கொடுத்தார் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அம்மா ஒரு பல்லை உரித்தாள். விரலை மோந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மலையிலே என்னென்னமோ விளையறது என்று சொல்லிவிட்டு, நல்லெண்ணெயில் சிவக்க வதக்கி வற்றல் குழம்பில் போட்டாள்.

கோர்ட்டு குமாஸ்தாவான என் அப்பா, ஓட்டல் காபியைக்கூடத் தொடாதவர், மூன்று தரம் சாதம் போட்டுக்கொண்டார். அந்தக் கிழங்கு இன்னும் இருக்கிறதா என்று இலையைப் பார்த்தபடியே கேட்டார். மோரைக் குடிக்கத் தெரியாமல் குடித்து எனக்குப் புரையேறிவிட்டது. இதை உன்னிடம் சொன்ன அன்று கணக்கு வகுப்பில் நீ அடக்க முடியாமல் சிரித்து, பெஞ்சுமேல் ஏறி நின்றாய். ஏன் என்று டீச்சரிடம் கேட்டதற்காக நானும் ஏறினேன்.

இப்போதுதான் வம்பு. அப்பா இன்று பையைப் பார்த்துவிட்டார். மறுபடியும் மலைக்கிழங்கு வந்ததென்று அவருக்கு ஒரே சந்தோஷம். நாளை மத்தியானம் மதராஸிலிருந்து பெரியப்பா வருகிறார், அவருக்கு இதைத்தான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார். பெரியப்பா ஊர் ஊராகப் போய் ஓட்டலில் சாப்பிடுகிறவர். ஒரு வாயில் கண்டுபிடித்து, பெயரையும் சொல்லிவிடுவார். நாம் கொளவாய் ஏரிக்கரைக்குப் போய் இருட்டித் திரும்பிய அன்று அப்பா சொன்னது உனக்கும் தெரியும். இன்னொரு தடவை ஏதாவது என்றால் பள்ளிக்கூடமே கிடையாது.

பள்ளிக்கூடம் நின்றாலும் அழுதுகொண்டு கிடப்பேன். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் அதைத்தான் தாங்க மாட்டேன். அதனால் முடிவு செய்துவிட்டேன். காலையில் அப்பா பூஜை முடித்ததும் நானே போய்ச் சொல்வேன், அது பூண்டுதான், ஆசைப்பட்டு நான்தான் கேட்டு வாங்கினேன் என்று. பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த மீனை நினைத்தால் சிரிப்பு வந்துவிடுகிறது. நீ போன பிறகும் இது மட்டும் நிற்கவில்லை. பயமும் சிரிப்பும் ஒன்றாகவே வருகின்றன. அப்பா முன்னால் நிற்கும்போது மட்டும் நீ...

கதவு தட்டுகிறது. அம்மா.

“விளக்கை அணைச்சுட்டுப் படுடி. பெரியப்பாவுக்குக் கத்திரிக்காய்க் குழம்புதான் வைக்கப் போறேன். பூண்டுப் பையைப் பரண்மேலே ஒளிச்சு வெச்சிருக்கேன். அவர் ஊருக்குப் போனதும் நாம பண்ணிக்கலாம்.”

பூண்டு என்றுதான் சொன்னாள். பூண்டு என்று. நான் கதவைத் திறக்கப் போகிறேன்.