தமிழில் சொன்ன ஒருவர்

ஜூன் 10, செவ்வாய்

காலையிலேயே மழை. டெலானிபூர் மேட்டில் ஸ்கூட்டர் ஏறமாட்டேன் என்று அடம். டியூட்டிக்குத் தாமதமாகப் போய், எங்கள் நர்சிங் சூப்பரிண்டெண்ட் விஜயலட்சுமி மேடம் கண்ணில் படாமல் பின்வாசல் வழியாக நுழைந்தேன்.

மதியம் டாக்டர் பாலசுப்பிரமணியம் கூப்பிட்டார். மெயின்லேண்டிலிருந்து இந்தத் தீவுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, இன்னும் எங்களை 'வாங்க, போங்க' என்கிறார். ஆராய்ச்சி என்றால் இதுவரை எங்களுக்கு ரத்தம் எடுத்துக் கொடுப்பதும் கட்டம் நிரப்புவதும்தான். இவர் வேறு மாதிரி சொல்கிறார். கேள்வியை நர்ஸே கேட்கட்டும், பதிலையும் நர்ஸே சொல்லட்டும் என்கிறார். ராத்திரியில் ஒரே நர்ஸ் முழு வார்டையும் பார்க்கும்போது என்னென்ன விட்டுப்போகிறது? இதுதான் கேள்வி. ஆட்களைப் பேசவைப்பது என் பொறுப்பாம்.

ஆசையாகத்தான் இருக்கிறது. புஷ்பாவிடம் சொன்னேன். பெங்காலிப் பெண், வாய் சும்மா இருக்காது. "அரே சுபிதா, கேம்பெல்பே ஜானா ஹை க்யா?" என்று சிரித்தாள். கேம்பெல்பே போக ஆசையா உனக்கு என்று. இங்கே வாயைத் திறந்தவர்களைத் தெற்கே கடைசித் தீவுக்குக் கப்பல் ஏற்றிவிடுவார்கள் என்ற பேச்சு நான் சேர்ந்த நாளிலிருந்து உண்டு. அவள் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 14, சனி

ஒருத்தியும் வரமாட்டேன் என்கிறாள். பேர் வராது என்றாலும் நம்பவில்லை.

எனக்கு ஒன்று தோன்றியது. நாள் முழுக்க எல்லோரும் ஹிந்தியில்தான் குப்பை கொட்டுகிறோம். மனசில் உள்ளதைச் சொல்ல அது போதுமா? அவரவர் வீட்டுப் பாஷையில் பேசட்டுமே! பெங்காலிக்குப் பெங்காலி நர்ஸ், தெலுங்குக்குத் தெலுங்கு நர்ஸ் உட்கார்ந்து கேட்கட்டும். டாக்டருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "ஒவ்வொரு பேச்சுக்கும் கீழே என்ன மொழின்னு போடுங்க சார், பெருமையா இருக்கும்" என்று நான்தான் சொன்னேன். என் வாயால் சொன்னேன்.

மெடிக்கல் வார்டில் தமிழ் என்றால் நானும் அகிலா அக்காவும்தான்.

ஜூன் 19, வியாழன்

அக்கா பேசிவிட்டாள்!

துணிமணி வைக்கும் அறையில் உட்கார்ந்தோம். போனில் ரெக்கார்டிங் போட்டேன். டியூட்டி மாறும்போதெல்லாம் கேட்பதுபோல, "சாப்பிட்டியா சுபி?" என்று கேட்டுவிட்டு ஒரு போர்வையை எடுத்து மடித்தாள். பிறகு கொட்டினாள். "ராத்திரி ரெண்டு மணிக்குப் பிரஷர் பாக்கணும். அந்த நேரத்துல ஒருத்தர் மூச்சு வாங்குவாரு, ஒருத்தர் டிரிப்ஸைப் பிடுங்கிப் போடுவாரு. நான் ஒருத்தி எங்க ஓடுவேன்? பாதிப் பேருக்குப் பாக்காமலே எழுதறேன். முந்தின நம்பரைப் பாத்து, கொஞ்சம் கூட்டிக் குறைச்சு. வீட்டுக்குப் போனா தூக்கம் வரமாட்டேங்குது."

நானும் அப்படி எழுதியிருக்கிறேன். எழுதாதவள் யார்?

எழுந்திருக்கும்போது, "என் பேரு வெளிய வராதுல்ல?" என்றாள். ஈஸ்வரன் அண்ணனுக்கு, அவள் வீட்டுக்காரருக்கு, வாரம் தவறாமல் டயாலிசிஸ். அவளை மாற்றிவிட்டால் அவரை எங்கே கொண்டுபோவாள்? கேம்பெல்பேயில் அந்த மிஷினுக்கு எங்கே போவது?

"மாதா மேல சத்தியம்க்கா" என்றேன்.

ஜூலை 8, செவ்வாய்

ஐயோ.

எங்கள் ஆராய்ச்சியைப் பற்றி அடுத்த வாரக் கூட்டத்தில் காட்டப்போகும் ஸ்லைடுகளை டாக்டர் பெருமையோடு காட்டினார். ஒவ்வொரு பேச்சும் அழகாக மேற்கோள் போட்டு. அக்கா சொன்னதும் இருந்தது. பேர் இல்லை. அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: 'ஸ்டாஃப் நர்ஸ், மெடிக்கல் வார்டு. தமிழில் சொன்னது.'

தமிழில் சொன்னது. அந்த வார்டில் தமிழ் பேசுகிறவர்கள் இரண்டே பேர், அதில் ஒருத்தி கேள்வி கேட்டவள். பேரையே போட்டிருக்கலாமே!

எடுத்துவிடுங்கள் சார் என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. காலையிலேயே மேடத்துக்கும் பெரியவர்களுக்கும் மெயில் போய்விட்டதாம். "நான் யோசிச்சிருக்கணும்மா" என்றார். யோசித்திருக்க வேண்டியவள் நானல்லவா? இந்தத் தீவில் பிறந்தவள் நான்தானே?

ஜூலை 9, புதன்

மேடம் வார்டுக்கு வந்தார். யாரையும் திட்டவில்லை. அதுதான் பயம். ராத்திரி சார்ட்டுகளைப் புரட்டிக்கொண்டே, "தமிழ்வாலே கோன் கோன் ஹை இதர்?" என்று கேட்டார். இங்கே தமிழ்க்காரர்கள் யார் யார் என்று. புஷ்பா என்னைப் பார்த்தாள். நான் சலைன் பாட்டிலைப் பார்த்தேன்.

அக்காவுக்கு லீவு. நல்லவேளையா, கெட்டவேளையா?

ஜூலை 11, வெள்ளி

இன்றும் அக்காவிடம் சொல்லவில்லை. "சாப்பிட்டியா?" என்றாள். தலையாட்டிவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

மாதா கோயில் பூசையில் மனசு ஒட்டவில்லை. திரும்பும்போது என் வீட்டுக்காரர் டெர்வினிடம் சொன்னேன். ஜங்லிகாட்டில் அவருடைய எஞ்சின் பட்டறை வாசலிலேயே வண்டியை நிறுத்திவிட்டார்.

"அவளுக்குத் தெரியுமாட்டி?"

"தெரியாது."

"மேடம் கூப்பிட்டுக் கேக்கும்போதா தெரியணும்? மொத அவகிட்டப் போய்ச் சொல்லு. ஏசுனா வாங்கிக்க."

போனேன். ஈஸ்வரன் அண்ணன் உள்ளே படுத்திருந்தார், கை வீங்கியிருந்தது. அடுப்படியில் நின்றுகொண்டே சொன்னேன். அக்கா ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை. கரண்டியைக் கழுவி, துடைத்து, மறுபடியும் கழுவினாள்.

"நீ சத்தியம் பண்ணினே சுபி."

வாசல்வரைகூட வரவில்லை. இருபது வருஷப் பழக்கத்தில் முதல் தடவையாக அந்த வீட்டிலிருந்து சாப்பிட்டாயா என்ற கேள்வி இல்லாமல் வந்தேன். வழியெல்லாம் அழுதேன்.

ஜூலை 15, செவ்வாய்

எழுத்து கோணல்மாணலாக வருகிறது, வரட்டும்.

கூட்டம். டாக்டர் அந்தச் சின்ன எழுத்தை நீக்கியிருந்தார். என்ன பிரயோஜனம்? அக்காவின் பேச்சு திரையில் வந்ததும் மேடம் எழுந்தார். பார்க்காமல் பிரஷர் எழுதுகிற நர்ஸ் என் ஆஸ்பத்திரியில் இருக்கிறாளா, யார் அது, இப்போதே சொல்லுங்கள் என்று ஹிந்தியில் கேட்டார். டாக்டர், "யார் சொன்னதுன்னு நான் சொல்லமாட்டேன் மேடம். சொன்னா இனிமேல் ஒருத்தரும் பேசமாட்டாங்க" என்றார். மேடம் அவரைப் பார்க்கவே இல்லை. நேராக எங்கள் வரிசையைப் பார்த்தார். அக்கா எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். தலை குனிந்திருந்தது. கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்ததே எனக்குத் தெரியாது. "மேடம், மைனே லிக்கா ஹை" என்றேன். நான் எழுதியிருக்கிறேன் மேடம். குரல் கீச்சென்று வந்தது, யாரோ சின்னப் பிள்ளை பேசுவதுபோல. பொய்யும் இல்லை. யார் பேசியது என்றா சொன்னேன்? எழுதினேன் என்றுதான் சொன்னேன்.

"கேள்வி கேட்டவளே பதிலும் சொன்னாளா?" என்றார் மேடம்.

"ராத்திரி நானும் ஒருத்தியாத்தான் இருக்கேன் மேடம்."

டாக்டர் என்னையே பார்த்தார். ரெக்கார்டிங்கில் இருப்பது யார் குரல் என்று அவருக்குத் தெரியும். அடுத்த ஸ்லைடைப் போட்டார். மேடம் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

வெளியே வந்ததும் அக்காவைத் தேடினேன். போய்விட்டிருந்தாள்.

ஜூலை 18, வெள்ளி

ஒன்றும் வரவில்லை. போன் அடித்தாலே மாற்றல் ஆர்டரோ என்று நினைக்கிறேன். பியூன் பழனிசாமி வராண்டாவில் நடந்தால்கூட அந்தச் சத்தம் எனக்காகத்தான் என்று தோன்றுகிறது.

ஜூலை 22, செவ்வாய்

வந்துவிட்டது. 'நிர்வாக நலன் கருதி.' மூன்று மாதம், கேம்பெல்பே. அக்கா பேர் எங்கும் இல்லை. இரண்டு தடவை படித்துப் பார்த்துக்கொண்டேன்.

டெர்வின், "கடக்கரைக்காரிதானே, கப்பல்ல போனா என்ன?" என்று சிரிக்கப் பார்த்தார். கடற்கரையில் பிறந்தவள்தான், ஆனால் கடல் என்றால் எனக்குக் குலை நடுங்கும் என்று அவருக்குத் தெரியும். ராத்திரிச் சோறு அவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

கப்பல். வாந்தி. மாதாவே, கரையைக் காட்டு.

ஆகஸ்ட் 9, சனி

சின்ன ஆஸ்பத்திரி. நல்ல மனிதர்கள். ஆனாலும் சாயங்காலம் ஆனால் பயம் வந்துவிடுகிறது, அலைச்சத்தம் சுவருக்குப் பக்கத்திலேயே கேட்கிறது. அக்காவுக்கு மூன்று மெசேஜ் போட்டேன். பார்த்திருக்கிறாள். பதில் இல்லை. அவள் கோபம் நியாயமானது. ஆனால் அண்ணனுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று வேறு மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

செப்டம்பர் 6, சனி

நேற்றெல்லாம் நெட் இல்லை. இன்று மதியம் எல்லாம் ஒரேயடியாக வந்து விழுந்தது.

முதலில் புஷ்பா. டாக்டரின் ஆராய்ச்சிக்கு இரண்டாவது சுற்றுப் பேச்சு நடந்ததாம். நான் கெஞ்சியபோது வராதவர்கள்கூட வந்தார்களாம். முன்கூட்டியே தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு, பெங்காலி, தெலுங்கு, மலையாளம், நிக்கோபாரி, எல்லோரும் ஹிந்தியில் மட்டும் பேசினார்களாம். எல்லோரும் ஒரே மாதிரி நம் தீவு ஹிந்தியில் சொன்னால் எவள் சொன்னாள் என்று மேடம் எப்படிக் கண்டுபிடிப்பார் என்கிறாள். மெடிக்கல் வார்டுக்கு ராத்திரிக்கு இன்னொரு நர்ஸ் போட்டிருக்கிறார்களாம், 'தற்காலிகமாக' என்று. முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவள் யார் தெரியுமா என்று கேட்டு, பதில் எழுதாமல் விட்டிருந்தாள்.

அடுத்தது அக்காவின் குரல் பதிவு. அண்ணனைப் பற்றிய செய்தியோ என்று பயந்துகொண்டே போட்டேன். முழுக்க ஹிந்தி! ஆண்பால் பெண்பால் எல்லாம் தாறுமாறாக. அண்ணனுக்கு டயாலிசிஸ் ஒழுங்காக நடக்கிறது. மீன் குழம்பு கேட்டு அடம் பிடிக்கிறார். இப்போதெல்லாம் ராத்திரி பிரஷரைப் பார்த்துத்தான் எழுதுகிறாள். இன்னும் பயம்தான், ஆனால் முதல் ஆளாகப் போய்ப் பேசிவிட்டாள். இதையெல்லாம் ஆபீஸில் சொல்வதுபோல வரிசையாகச் சொல்லி முடித்தாள். அப்புறம் யாரோ ட்ராலி தள்ளிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. பதிவு முடிந்துவிட்டது என்று நினைத்துப் போனைக் காதிலிருந்து எடுத்தேன்.

"சாப்பிட்டியா சுபி?"

இன்னும் சாப்பிடவில்லை. சாப்பிட்டுவிட்டுத்தான் பதில் போட வேண்டும்.