என் மைத்துனனை விண்கலத்தில் ஏற்ற வேண்டாம் எனக் கோருதல்

அனுப்புநர்:
சலவைக் கடை உரிமையாளர்,
ரயில் நிலையச் சாலை, மருந்துக் கடைக்கு எதிரில்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
வேற்றுலக உயிர்கள் வரவேற்புத் துறை.

பொருள்: வேற்றுலக உயிர் எனத் தவறாகப் பிடித்துச் செல்லப்பட்ட என் மனைவியின் தம்பியை, வரும் வெள்ளிக்கிழமை விண்கலத்தில் ஏற்றாமல் வீட்டுக்கு அனுப்பக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற மாதம் கடைக்கு வந்த மூட்டையில் சாம்பல் நிறப் படுக்கை விரிப்பு போல ஒன்று இருந்தது. குறி போடாத துணியை நாங்கள் நனைப்பதில்லை. குறி போடப் போனால் அது மையைக் குடித்தது. சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் பெட்டி ஜில்லிட்டது. இது இந்த உலகத்துச் சரக்கு இல்லை என்று கண்டு, தங்கள் துறைக்குத் தகவல் தந்தவனே நான்தான்.

2. தங்கள் அதிகாரி வந்தார். கொடியில் தொங்கிய அந்த விரிப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, நீராவிக்கு நடுவே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த என் மைத்துனனிடம், "நீங்கதானா அது?" என்று கேட்டார். அவன் "சரிங்க" என்றான். ஐயா, யார் எது கேட்டாலும் அவன் அதைத்தான் சொல்வான். வேறு கடையில் சட்டையைத் தொலைத்துவிட்டு எங்களிடம் வந்து கத்துகிறவர்களுக்கும் அதே பதில்தான்.

அவன் என் மைத்துனன் என்று நான் எடுத்துச் சொன்னேன். 'உள்ளூர்க் குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டுள்ளது' என்று அதிகாரி எழுதிக்கொண்டார். வேற்றுலகக் கதைகளை நானும் வாடகை நூலகத்தில் எடுத்து ஏராளமாகப் படித்தவன். வருகிறவருக்குக் கட்டாயம் ஒரு பெரிய தலை இருக்கும். என் மைத்துனனுக்குத் தலை பெரிதுதான். அதற்காக இப்படியா?

3. அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு, 'உயிரினம் ஒன்று, நிலை நன்று' என்று ரசீது தந்தார்கள். அதைப் பார்த்த என் மனைவி, "ஒரு சட்டை தொலைஞ்சா ஊரையே புரட்டுவீங்க. என் தம்பியைக் குடுத்துட்டு ரசீதோட வந்து நிக்கிறீங்களே! அவன் இல்லாம இந்த வாசப்படி ஏறாதீங்க" என்று சொல்லிவிட்டார். அன்று முதல் இஸ்திரி மேசையில்தான் படுக்கிறேன்.

4. தங்கள் ஆய்வாளர்கள் அவனுக்கு ஒரு சட்டை கொடுத்தார்களாம். அவன் அதை மடித்து வைத்தானாம். அது அவன் உலகத்துப் பிரார்த்தனை என்று அறிக்கை வந்திருக்கிறது. அது காலரில் தொடங்கும் சாதாரண மடிப்பு. நான் கற்றுக்கொடுத்தது.

5. உண்மையான உயிரை, அதாவது அந்த விரிப்பை, நானே தோளில் போட்டுக்கொண்டு தங்கள் அலுவலகம் வந்தேன். காவலாளி, "பெரியவரே, சலவைத் துணியெல்லாம் பின்வாசல்ல" என்றார். பின்வாசலில் வாங்கி, கஞ்சி போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். அது இப்போது கடை நடுவில் விறைத்து நிற்கிறது. அதற்குக் கோபமா, குஷியா என்று சொல்ல முகம் என்று ஒன்று வேண்டுமே.

6. நேற்று தங்கள் அலுவலகத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று மைத்துனனைப் பார்த்தேன். "டேய், உன்னை ராக்கெட்ல ஏத்தி எங்கேயோ விடப் போறாங்கடா!" என்றேன். "தெரியும் அத்தான். ஜன்னல் சீட்டுன்னு சொல்லியிருக்காங்க. இவ்வளவு ஏற்பாடு பண்ணிட்டாங்க, இப்பப் போய் வேண்டாம்னா சங்கடப்படுவாங்க" என்றான். அவன் பேருந்தில் அடுத்த நிறுத்தம் வரைக்கும் தாங்காமல் வாந்தி எடுக்கிறவன். நான் கிளம்பும்போது தலையைத் திருப்பிக்கொண்டு, "அக்கா சாப்பிடுறாளா?" என்று கேட்டான். இதற்கு எந்த அறிக்கையில் என்ன பொருள் எழுதுவார்கள் என்று தெரியவில்லை.

7. ஆகவே, அவனிடம் சம்மதம் கேட்காமல் அவன் அக்காவிடம் கேட்குமாறு வேண்டுகிறேன். பதில் உடனே கிடைக்கும், தெருமுனை வரை கேட்கும்.

8. வெள்ளிக்கிழமைக்குள் அவன் வீடு வந்து சேராவிட்டால், விண்கலத்துக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்காருவேன். பக்கத்தில் இன்னொரு நாற்காலியும் வைக்கச் சொல்லியிருக்கிறார் என் மனைவி. அவரை எழுப்பத் துறையில் யாருக்காவது துணிச்சல் இருந்தால், ராக்கெட்டைத் தாராளமாகப் பற்றவைக்கலாம்.

நாள்: செவ்வாய்க்கிழமை
இடம்: கடை (வீட்டுக்குள் அனுமதி இல்லை)

இப்படிக்கு,
உயிரினத்தின் அத்தான்
(கையொப்பம்)