பதிலுக்குக் காத்திருந்தவளுக்கு

இன்று காலை ஒரு புதுப் பருத்திச் சேலையைப் பிரித்தேன். கஞ்சி வாசனை எழுந்ததும் கட்டுகஸ்தோட்டையில் உன் வாப்பாவின் துணிக்கடை நினைவுக்கு வந்துவிட்டது. நீ மவுத்தாகி, எங்களை விட்டுப் போய் இரண்டு வருடமாகிறது. ஆனாலும் மனதுக்குள் உன்னோடு ஒரு சண்டை பிடிக்காமல் எனக்கு எந்தக் காரியமும் ஓடுவதில்லை.

இன்றைய காரியம் இதுதான். தெல்தோட்டைப் பள்ளிக்கூடம் ஒன்றில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு இலக்கியம் படிப்பிக்க ஆளில்லை. ஓய்வுபெற்று வீட்டிலிருக்கும் என்னை அதிபர் கேட்டிருக்கிறார். பின்னேரத்துக்குள் பதில் வேண்டுமாம். மலைப்பாதை, முழங்கால் வலி, இந்த வயதில் எதற்கு என்று யோசித்து ஒரு கிழமையாக 'பார்ப்போம்' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

'பார்ப்போம்' என்றால் உனக்குப் பற்றிக்கொண்டு வரும். வெள்ளிக்கிழமைகளில் வாப்பா ஜும்ஆத் தொழுகைக்குப் போனால் கடை உன் பொறுப்பு. நாம் இருவரும் வெளிவாரிப் பட்டத்துக்குப் படித்ததெல்லாம் அந்த நேரத்தில்தான். பாதிப் பாடத்தில் யாராவது சேலை வாங்க வந்துவிடுவார்கள். அலுமாரியைக் காலி செய்து மேசை நிறையப் பரப்பியும் அவர்களுக்கு மனம் வராவிட்டால், நீ இரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை மடிக்கத் தொடங்குவாய். வாய் திறந்து எது நல்லது என்று சொல்லவே மாட்டாய்.

ஒரு வெள்ளிக்கிழமை பாடத்தை வைத்து நமக்குள் வாக்குவாதம் வந்தது. பழைய சோக நாடகங்களில் தயங்குகிற அரசகுமாரர்கள்தான் என் கட்சி. வாளைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் யோசிக்க, ஒரு நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நம் பாடத்திலிருந்த நவீன கவிதையில் வருகிறவனோ பஸ் நிற்கும் ஹோல்டில் ஒருத்தியிடம் பேசலாமா வேண்டாமா என்று யோசித்தே பஸ்ஸைத் தவறவிடுகிற ஆள். "இவன் தயங்கினா யாருக்கு என்ன நட்டம்? இதெல்லாம் ஒரு சோகமா?" என்று நான் ஏளனம் செய்தேன்.

நீ மடித்த சேலையைத் தட்டி வைத்தாய். "அதுதான் புள்ள பெரிய சோகம். அரசகுமாரன் பிந்தினா ஊரே அழியும், சரி. அவன்ட முடிவ ஊரே பாத்துக்கொண்டு ஈக்கிதே. இந்த மனிசன்ட பதிலுக்கு ஒத்தரும் காத்துக்கொண்டு இல்ல. பொறகு அவன் எதுக்கு முடிவெடுக்கிற?"

விட்டுக்கொடுக்க மனமில்லாமல் அன்று வாதாடினேன். இன்றைக்குச் சொல்கிறேன், நீ சொன்னதுதான் சரி.

என் கல்யாணப் பேச்சின்போதும், கடையில் போலவே, எது நல்லது என்று நீ சொல்லவில்லை. கூடப் படிப்பித்தவர் என்னைக் கேட்டிருந்தார், அம்மாவோ மாமன் மகனைச் சொன்னார். நான் மாதக்கணக்கில் இழுத்தடித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ ஹந்தானைக்கு ஏறி வந்து எங்கள் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தாய்.

அம்மா பதறிப்போய், "வெயிலா இருக்கு, உள்ள வாங்க பாப்பா" என்றார்.

"இல்ல அம்மா. இவ ஒரு பதில் சொல்லட்டும். எந்தப் பதிலா ஈந்தாலும் பரவாயில்ல. கேட்டுட்டுத்தான் நான் எறங்குவன்."

உன் முகத்தில் கோபமும் இல்லை, அவசரமும் இல்லை. என் வாயிலிருந்து வரப்போகும் ஒரு சொல்லுக்காக ஒருத்தி வேலை மெனக்கெட்டு உட்கார்ந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூடப் படிப்பித்தவரைத்தான் கட்டுவேன் என்றேன். அந்த மனிதர் இதோ முன்னறையில் பத்திரிகையை விரித்தபடி குறட்டை விடுகிறார். முடிவில் பிழையில்லை.

நீ இல்லாத இந்த இரண்டு வருடத்தில் நானும் அந்தக் கவிதையில் வருகிறவனைப் போல ஆகிவிட்டேனோ என்று பயந்தேன். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியதும் அதிபருக்குப் போன் கோல் எடுத்தேன். வருகிறேன் என்றேன். அதற்கு அவர், "புள்ளைங்க வீட்டுக்குப் போகாம இங்கயே இருக்காங்க டீச்சர். நீங்க என்ன சொல்றீங்கன்னு கேட்டுட்டுத்தான் போவோம்ங்கிறாங்க" என்றார்.