தேங்காயிலிருந்து எடுத்த எண்ணெய்

ஆஸ்பத்திரி, டெல்லி
11.2.2025, செவ்வாய் காலை

அன்புள்ள மதினிக்கு,

காந்திமதி எழுதுகிறேன். ஜனக்புரியிலிருந்து இங்கே வர ஒரு மணி நேரம்கூட ஆகாது, இதற்குப் போய்க் கடிதமா என்று சிரிக்காதீர்கள். மேதாவை ஐ.சி.யூ.விலிருந்து பக்கத்து அறைக்கு மாற்றி, என்னையும் கூட இருக்க விட்டிருக்கிறார்கள். போனை மட்டும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். அண்ணன் கொண்டுவருகிற கேரியர் பைதான் இனி நமக்குத் தபால்பெட்டி.

ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டு நாளாகிறது. இதயம் நன்றாக வேலை செய்கிறதாம். வம்பெல்லாம் நெஞ்சில் செருகியிருக்கிற குழாயில்தான். நேற்று அதில் பால் மாதிரி வெள்ளையாக இறங்கியது. நான் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடிவந்தாள். டாக்டரம்மா ஒரு தாளில் வரைந்து காட்டினார். ரத்தக்குழாய் போல உடம்பில் இன்னொரு குழாய்க் கூட்டம் இருக்கிறதாம். நாம் சாப்பிடுகிற கொழுப்பு அதன் வழியாகத்தான் ரத்தத்தில் போய்ச் சேருமாம். பள்ளிக்கூடத்தில் நிணநீர் என்று படித்தோமே, அதுதான். மேதாவுக்கு அது எங்கோ ஒழுகி நெஞ்சுக்குள் தேங்குகிறது.

அதனால் நெய், பால், முட்டை, நல்லெண்ணெய் எதுவும் ஒரு சொட்டுக்கூட ஆகாது. தெம்புக்கு ஒரு தனி எண்ணெய் உண்டு, மருந்துக்கடையில்தான் கிடைக்கும். அது மட்டும் அந்தக் குழாய்ப் பக்கம் போகாதாம். சீட்டு வைத்திருக்கிறேன், இரண்டு ஸ்பூன் சாப்பாட்டில் சேர்க்கவேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் ஒழுக்கு குறைந்தால் தப்பித்தோம். இல்லாவிட்டால் மறுபடி நெஞ்சைத் திறக்கவேண்டி வரலாம் என்கிறார்கள். நாலு வயசுப் பிள்ளை, மதினி. இன்னொரு தடவை அவளை அந்தக் கதவுக்குள் அனுப்ப என்னால் ஆகாது.

மேதா அப்பாவுக்கு லீவு முடிந்துவிட்டது, நேற்று ரயிலேறிவிட்டார். இப்போது உங்களைத்தான் நம்பியிருக்கிறேன்.

அன்புடன்,
காந்திமதி

---

ஜனக்புரி
12.2.2025, புதன்

என் காந்திக்கு,

அழுதுகொண்டே எழுதினாயாக்கும், பாதி எழுத்து கரைந்து கிடக்கிறது. அழாதே பிள்ளாய். திறக்கிறதுமில்லை, கிறக்கிறதுமில்லை. உன் பிள்ளை ஓடியாடி என் பால்கனித் தொட்டியை எல்லாம் உடைக்கத்தான் போகிறாள், நான் வையத்தான் போகிறேன்.

எண்ணெய்க் கவலையை விடு. அதற்கு வழி பண்ணிவிட்டேன். மேல் தட்டில் இட்லி, நடுவில் பருப்பும் குழைந்த சோறும், கீழே பூசணிக்காய்க் கூட்டு. இரண்டு ஸ்பூனும் அளந்து கலந்திருக்கிறது. எந்த எண்ணெய் என்று இப்போது சொல்லமாட்டேன். பிள்ளை தேறி வீட்டுக்கு வரட்டும், உன் மூக்குக்கு முன்னால் பாட்டிலை வைத்துச் சொல்கிறேன். அன்றைக்கு உன் முகத்தை நான் பார்க்கவேண்டும்!

நாலாவதாக அடித் தட்டில் இருப்பது உனக்கு. பிள்ளையைச் சாக்கு வைத்துப் பட்டினி கிடக்காதே. உன் அண்ணனிடம் விசாரித்தால், "பிள்ளை நல்லாத்தான் இருக்கா" என்று மூன்று வார்த்தை பேசுகிறார், நாலாவது வார்த்தைக்கு வாய் வலிக்கிறது. நீ விவரமாக எழுது.

உன் மதினி,
பகவதி

---

ஆஸ்பத்திரி
13.2.2025, வியாழன் மத்தியானம்

அன்புள்ள மதினிக்கு,

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நேற்று மேதா தட்டை வழித்துச் சாப்பிட்டாள். "அத்தை கூட்டு இன்னும் வேணும்" என்று ஒரே ரகளை. இன்றும் அப்படித்தான். அந்த மருந்து எண்ணெயில் லேசாகத் தேங்காய் வாசம் வருகிறது, பரவாயில்லை, நன்றாகவே இருக்கிறது.

ஆனால் குழாயில் இறங்குகிறது கூடிவிட்டது, மதினி. புதன்கிழமை காலை நூற்றெண்பது மில்லி. இன்று காலை நானூற்றுப் பத்து. மறுபடி பால் நிறம். டாக்டரம்மா முகமே சரியில்லை. "குச் அவுர் கிலாயா க்யா?" என்று என்னைக் கேட்டார். வேறே ஏதாவது ஊட்டினாயா என்று. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க மதினி கைச் சமையல், ஒரு சொட்டு மாறாது" என்று தெரிந்த இந்தியில் அடித்துச் சொன்னேன்.

எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க நாளைக் காலை படம் எடுக்கிறார்கள். ஆபரேஷன் செய்கிற டாக்டரோ, இவ்வளவு இறங்கினால் படத்துக்குக்கூடக் காத்திருக்கவேண்டாம், நேரே திறந்து கட்டிவிடலாம் என்கிறார். சாயங்காலம் கூடிப் பேசி முடிவெடுப்பார்களாம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

காந்திமதி

---

ஜனக்புரி
13.2.2025, வியாழன், மூன்றரை மணி

காந்தி,

உன் அண்ணனை ஆபீசுக்குத் திரும்பிப் போகவிடாமல் இந்தச் சீட்டோடு ஓடவிடுகிறேன். படித்ததும் டாக்டரிடம் போ. முதலில் போ, பிறகு என்னை வை.

அது மருந்துக்கடை எண்ணெய் இல்லை. கடையில் சரக்கு இல்லை, சனிக்கிழமைதான் வரும் என்றான் கடைக்காரப் பையா. அது என்ன எண்ணெய் என்று கேட்டேன். "நாரியல் சே ஹீ பன்தா ஹை, ஆன்ட்டிஜி" என்றான். தேங்காயிலிருந்துதான் எடுக்கிறார்களாம். எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெய்க்கா பஞ்சம்? நாகர்கோவிலிலிருந்து அம்மா அனுப்பிய செக்கெண்ணெய் இருந்தது. சுத்தமானதுதானே என்று அதையே ஊற்றினேன். இப்போது உன் கடிதத்தைப் பார்த்துப் பதறிப்போய்க் கடைக்குப் போன் போட்டேன். அதிலிருந்து ஏதோ ஒரு பங்கை மட்டும் பிரித்து எடுப்பார்களாம், அப்படியே ஊற்றினால் மற்ற எண்ணெய் மாதிரிதானாம்.

ஒன்றை மறைக்கமாட்டேன். நான் கல்யாணமாகித் திருநெல்வேலிக்கு வந்த மூன்றாம் நாள், நான் செய்த அவியலைத் தள்ளிவைத்துவிட்டு, "தலைக்குத் தேய்க்கிறதுல சமைச்சிருக்காங்களே" என்று சிரித்தாய். உனக்கு அப்போது பதினாறு வயது, நீ மறந்திருப்பாய். எனக்கு மறக்கவில்லை. டாக்டரே எங்கள் ஊர் எண்ணெயைத்தான் எழுதிக்கொடுத்திருக்கிறார் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. உன்னை ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்தக் கொழுப்பில் பிள்ளையைக் கெடுத்துவிட்டேனே, பாவி.

இனி என் கையால் உங்களுக்குச் சமைக்கமாட்டேன். அண்ணனைக் கேன்டீனில் வாங்கித் தரச் சொல்லியிருக்கிறேன்.

பகவதி

---

ஆஸ்பத்திரி
17.2.2025, திங்கள்

அன்புள்ள மதினிக்கு,

நாலு நாளாகக் கேரியர் இல்லை, கடிதமும் இல்லை. ஆஸ்பத்திரிக் கஞ்சியை மேதா துப்புகிறாள். எனக்குக் கேன்டீன் பூரி நெஞ்சைக் கரிக்கிறது. அண்ணனிடம் கேட்டால், "அவ அழுதுக்கிட்டே இருக்கா" என்கிறார். கணக்காக மூன்று வார்த்தை.

வெள்ளிக்கிழமை படம் எடுத்தார்கள். மயக்கம் கொடுத்து, இரண்டு தொடை இடுக்கிலும் நெறி கட்டுகிற சின்ன முடிச்சுகளில் ஊசி வழியாக மருந்தைச் செலுத்தி, அது போகிற வழியை மிஷினில் பார்த்தார்கள். டாக்டரம்மா பிறகு எனக்கும் காட்டினார். வயிற்றிலிருந்து கழுத்துக்கு நேரே ஏறவேண்டியது, நடுவழியில் திரும்பி நுரையீரல் பக்கம் போய் ஒழுகுகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு சில பிள்ளைகளுக்கு இப்படி ஆகுமாம். நம் எண்ணெய் அந்த ஓட்டையைப் போடவில்லை. ஓட்டை வழியாக வந்ததைக் கூட்டியது, அவ்வளவுதான். மெல்லிய ஒயர் மாதிரி ஒரு குழாயைச் செலுத்திப் பசை வைத்து அடைத்துவிட்டார்கள். நெஞ்சைத் திறக்கவில்லை, மதினி! இன்று இறங்கினது வெறும் முப்பது மில்லி, தண்ணீர் போலத் தெளிவாக. இரண்டு நாளில் குழாயை எடுத்துவிடுவார்களாம்.

வியாழக்கிழமை சாயங்காலமே திறப்பதாக இருந்தார்கள். உங்கள் சீட்டு வந்ததால்தான் நிறுத்தினார்கள். எண்ணெயால் கூடியிருக்கிறது, பொறுத்துப் படத்தைப் பார்ப்போம் என்று டாக்டரம்மா பிடிவாதமாக நின்றார். நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் யாருக்குத் தெரியும்? அதை யோசித்துப் பாருங்கள்.

கோபம் வரவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். சீட்டைப் படித்ததும் உங்களைக் கடித்துக் குதறலாம் போல இருந்தது. பிறகுதான் என் லட்சணம் எனக்கு உறைத்தது. ஆகாததை வரிசையாக எழுதினவள் தேங்காய் எண்ணெயை எழுதவில்லையே. அது சமைக்கிற எண்ணெய் என்றே எனக்குத் தோன்றவில்லை. அவியலைத் தள்ளின அதே திமிர்தான். வாசம் வந்தும் கேட்காமல் ஊட்டினவளும் நான்தான்.

அன்று டாக்டரம்மாவிடம் ஓடிச் சொன்னபோது, "கிஸ்னே தியா?" என்று கத்தினார், யார் கொடுத்தது என்று. மாமன் பெண்டாட்டியை இந்தியிலும் மாமி என்றுதான் சொல்வார்களாம், நர்ஸ் சொல்லியிருந்தாள். "மாமி நே" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது "மைனே". நான்தான் கொடுத்தேன் என்று. நர்சுகள் எல்லாருக்கும் முன்னால் அரை மணி நேரம் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார், நான் தலையைக் குனிந்து நின்றேன்.

என் இந்தி லட்சணத்துக்கு வாய் தவறிவிட்டது என்று அண்ணன் சிரிக்கிறார். அவர் சிரிக்கட்டும். நான் தெரிந்துதான் சொன்னேன், மதினி. நாளைக்குச் சாப்பாடு கொடுத்து அனுப்புங்கள்.

உங்கள்
காந்தி