கருமாதி முடிந்த அண்ணிக்கு

அண்ணி,

இன்று காலை கஞ்சி வடிக்கும்போது பானை விரலைச் சுட்டுவிட்டது. ஐயோ என்று அலறினேன். உடனே உங்கள் நினைவுதான். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசை வீட்டில், கொதிக்கிற பானையைத் துணி இல்லாமல் இறக்குவீர்களே, அந்தக் கையை எவ்வளவு மெச்சினோம்! "அடுப்புக்குன்னே பொறந்த கைடி" என்பார்கள் பக்கத்து வீட்டுப் பெண்கள். "எனக்குச் சுடவே இல்லக்கா" என்று சிரிப்பீர்கள். முழங்கையில் வெளிறிய திட்டு ஒன்று இருந்தது. தேமல் என்று மஞ்சள் பூசிவிட்டவள் நான். அறிவு கெட்டவள், சுடாத கை எப்படி நல்ல கையாகும் என்று ஒரு நாளாவது யோசித்தேனா?

ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் அந்தத் திட்டில் ஊசியால் குத்திப் பார்த்தார். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "எப்பங்க குத்துவீங்க?" என்று கேட்டீர்கள். அவர் அண்ணனைத் தனியே அழைத்து, "பெருவியாதி" என்றார். வீட்டில் அந்தப் பெயரைக்கூட யாரும் சொல்லவில்லை. 'அது' என்றோம். உங்களை அந்த வியாதிக்காரர்களுக்கென்று வேலி போட்ட குடியிருப்புக்கு அனுப்பிவைத்தோம்.

அப்போது எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கப்பலேறி ஊருக்குப் போனவ, அங்க காய்ச்சல்ல செத்துட்டாள்னு சொல்லிருவோம்" என்றார் அண்ணன். நான் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. பதினாறாம் நாள் கருமாதியும் செய்தோம். லயமே வந்து சாப்பிட்டது. மாரடித்து அழுதேன் அண்ணி, நன்றாகவே அழுதேன். நீங்கள் அங்கே உயிரோடு இருந்தீர்கள்.

நான் கிள்ளானுக்கு வாழ வந்தபின் அண்ணன் கையில் ஒரு கடிதம் கொடுத்தனுப்பினீர்கள். யாரையோ விட்டு எழுதச் சொல்லியிருந்தீர்கள். "இது என் கை பட்ட காகிதம் இல்ல கண்ணு, பயப்படாம படி" என்பது முதல் வரி. அடுத்த வரிக்கு நான் போகவில்லை. விறகால் தள்ளி அடுப்பில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினேன்.

நேற்று அண்ணன் வந்து வாசலிலேயே நின்றார். "இப்ப நெசமாவே போயிட்டாம்மா." ஊரறிய அழுது முடித்த உங்களுக்காக மறுபடி எப்படி அழுவது? வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனேன்.

இன்று விரல் சுட்டு நான் அலறியதும் மாமியார் ஓடிவந்தார். "இதுக்கா இப்படி அழுவுற?" என்றார். அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை.

"எங்க அண்ணி நேத்துதான் செத்தாங்க அத்தே. அன்னைக்குச் சொன்னது பொய். பெருவியாதி."

"அடிப்பாவி! அவ கையால தின்னியா நீ?"

"தின்னேன். அவங்கதான் எனக்கு ஊட்டி வளத்தாங்க."

மத்தியானம் என் வீட்டுக்காரர் வந்து கேட்டுவிட்டு, "ஏன் சொன்ன? செத்தவங்க செத்தவங்களாவே இருந்திருக்கலாம்" என்றார்.

அத்தை தனியாக உலை வைத்திருக்கிறார். நான் கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை. என் தட்டும் குவளையும் பின்பக்கம் போய்விட்டன. கெஞ்சத் தோன்றவில்லை எனக்கு. நீங்கள் ஏழு வருஷம் தாங்கியதில் அரை நாள் எனக்குக் கிடைத்திருக்கிறது.